அடாப்டர் போயிடுச்சா? மாத்து அடாப்டரை பார்த்து எடுக்குறது எப்படி

ரூட்டரோ ஸ்பீக்கரோ, ஏதோ ஒண்ணோட அடாப்டர் செத்துப்போச்சு. ட்ராயரைத் துழாவினா பழசு நாலஞ்சு கிடக்கு, அதுல ஒண்ணோட பின் கச்சிதமா உள்ள போகுது, உடனே ஸ்விட்சைப் போட்டுடுறாங்க பாருங்க, பாதி பொருள் சாகுறது அங்கதான். ஒரே சைஸ் பின்ல 5 வோல்ட்டும் வரும், 24 வோல்ட்டும் வரும், அதனால பின் பொருந்துறதை கடைசியா பார்த்துக்கலாம்.

முதல்ல பொருளைத் திருப்பி, அடியிலயோ பவர் ஓட்டை பக்கத்துலயோ எழுதியிருக்கறதைப் படிங்க. பழைய அடாப்டர் லேபிளையும் பாருங்க, ஆனா ரெண்டும் வேற வேறயா இருந்தா பொருள்ல இருக்கறதைத்தான் நம்பணும், ஏன்னா அந்த பழசையே முன்னாடி யாராவது மாத்தி வச்சிருக்கலாம். அடாப்டர் லேபிள்ல இன்புட், அவுட்புட்னு ரெண்டு வரி இருக்கும். இன்புட் 100-240 வோல்ட்னு இருந்தா எந்த ஊர் கரண்ட்டுக்கும் ஓகே. வெறும் 120னு மட்டும் போட்டதை 230 வோல்ட் பிளக்ல சொருகினா புகைதான்.

இப்போ அவுட்புட். வோல்ட் அச்சு அசலா அதேதான் இருக்கணும், 12 கேட்டா 12. 9 குடுத்தா பெரும்பாலும் ஆன் ஆகாது இல்ல ஆஃப் ஆகி ஆஃப் ஆகி வரும், 19 குடுத்தா உள்ள இருக்கற ஐசி (சிப்) போயிடும்.

ஆம்பியர் கதை வேற, இங்கதான் எல்லாரும் குழம்புறாங்க. 12 வோல்ட் 1 ஆம்பியர் கேக்குற ரூட்டருக்கு 2 ஆம்பியர் அடாப்டர் போட்டா எதுவும் எரியாது, ஏன்னா அடாப்டர் கரண்ட்டை உள்ள தள்ளுறதில்ல, பொருள் தனக்கு வேணுங்கறதை மட்டும்தான் இழுத்துக்கும், 2ங்கறது அதிகபட்சம் குடுக்க முடியும்ங்கற அளவு. குறைச்சலா போட்டாதான் பிரச்சனை, அரை ஆம்பியர் அடாப்டர் சூடாகி, வோல்ட் இறங்கி, ரூட்டர் தானா ரீஸ்டார்ட் ஆகிட்டே இருக்கும். 1000 மில்லி ஆம்பியர்னு இருந்தா அது 1 ஆம்பியர். வாட் மட்டும் போட்டிருந்தா வோல்ட்டால வகுங்க, 24 வாட், 12 வோல்ட்னா 2 ஆம்பியர்.

அடுத்து அவுட்புட் ஏசியா (திசை மாறி மாறி வர்ற கரண்ட்) டிசியா (ஒரே திசையில வர்றது). நேர் கோடும் அதுக்கு கீழ விட்டு விட்டு கோடும் இருந்தா டிசி, அலை மாதிரி கோடு இருந்தா ஏசி. அவுட்புட்டே ஏசியா வர்ற அடாப்டரும் இருக்கு, சில பழைய மோடம், மியூசிக் சாமான்லாம் அப்படி. ரெண்டையும் மாத்திப் போடாதீங்க.

டிசினா போலாரிட்டியும், அதாவது பின்னோட நடு பிளஸா மைனஸான்னும் பார்க்கணும். லேபிள்ல நடுவுல ஒரு புள்ளி, சுத்தி பாதி வட்டம், ரெண்டு பக்கமும் பிளஸ் மைனஸ் இருக்கும். புள்ளியோட சேர்ந்த குறி எதுவோ அதுதான் பின்னோட நடு. பெரும்பாலான சாமான்ல நடு பிளஸ், ஆனா கிட்டார் பெடல் பக்கம் போனா நடு மைனஸ்தான் வழக்கம். படம் இல்லையா, மல்டிமீட்டரை (வோல்ட் அளக்குற கருவி) டிசி வோல்ட்ல வச்சு சிவப்பு ஒயர் முனையை நடுவுலயும் கறுப்பை வெளிப்பக்கமும் வைங்க, ரெண்டையும் ஷார்ட் பண்ணிடாம. எண்ணுக்கு முன்னாடி மைனஸ் வந்தா நடு மைனஸ். அப்படியே வோல்ட்டையும் பாருங்க, கனமா இருக்கற பழைய ட்ரான்ஸ்ஃபார்மர் டைப் சிலது 12னு போட்டுட்டு எந்தப் பொருளும் மாட்டாதப்போ 16, 17 காட்டும், அதை நுணுக்கமான சாமானுக்கு போட வேணாம்.

பின் சைஸ் இப்போ பார்க்கலாம். 5.5 மில்லிமீட்டர் பின்லயே உள் ஓட்டை 2.1, 2.5னு ரெண்டு இருக்கு. 2.1 சாக்கெட்ல 2.5 பின் போயிடும், ஆனா லூஸா ஆடும், தொட்டா கட் ஆகும்.

லேப்டாப்னா இன்னொரு சிக்கல், சில மாடல் அடாப்டர்கிட்ட நீ யாருன்னு கேக்கும், சரியான பதில் வரலைன்னா வோல்ட் எல்லாம் சரியா இருந்தும் சார்ஜ் ஏறாது. டைப் சி பவர் டெலிவரில அடாப்டரும் பொருளும் பேசிதான் 5 வோல்ட்டுக்கு மேல போகும், அதனால வோல்ட் பயம் கம்மி, வாட் போதுமான்னு மட்டும் பாருங்க, 60 வாட்டுக்கு மேலனா கேபிளும் 5 ஆம்பியர் கேபிளா இருக்கணும்.

எண்ணெல்லாம் பொருந்தினாலும் பேர் ஊர் இல்லாத மலிவு அடாப்டரை நான் வாங்க மாட்டேன். வீட்டு கரண்ட் பக்கமும் நாம தொடுற பக்கமும் உள்ள பிரிஞ்சு இருக்கணும், மட்டமானதுல அந்த இடைவெளியிலயும் இன்சுலேஷன்லயும்தான் காசை மிச்சம் பிடிப்பாங்க, அது பழுதானா மெயின்ஸ் கரண்ட் நேரா ஒயர்ல வந்து நிக்கும். லேபிளே இல்லாதது, எழுத்துப்பிழையோட இருக்கறது, சொல்ற வாட்டுக்கு சம்பந்தமில்லாம லேசா இருக்கறது, மூணையும் தள்ளி வைங்க. கம்பெனி அடாப்டர் இன்னும் கிடைச்சா அதையே வாங்கிடுங்க.

மாட்டினதும் அரை மணி நேரம் பக்கத்துலயே இருந்து தொட்டுப் பாருங்க. வெதுவெதுப்பு சகஜம். கை வைக்க முடியாத சூடு, கருகல் வாடை, கிர்னு சத்தம், இதுல எது வந்தாலும் சுவத்து ஸ்விட்சை அணைச்சுட்டு அப்புறம் கழட்டுங்க.