கவுனி ஊறிய தண்ணீரைக் கொட்டாதீர்கள்

போன வாரம் மயிலாப்பூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்திரி ஊறப் போட்ட கருப்பு கவுனி அரிசி, காலையில் பார்த்தால் தண்ணீரெல்லாம் திராட்சை ரசம் மாதிரி இருக்கிறது. அக்கா அதை அப்படியே சிங்க்கில் சாய்த்துவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றிக் குக்கரை ஏற்றிவிட்டாள். எந்த நிறத்துக்காக அவ்வளவு விலை கொடுத்து வாங்கினாளோ, அதில் ஒரு பங்கு சாக்கடைக்குப் போயாச்சு.

அந்த ஊதாவுக்குப் பெயர் ஆந்தோசயனின். நாவல்பழம், பன்னீர் திராட்சை, கத்திரிக்காய்த் தோல், ஊதா முட்டைகோஸ் எல்லாவற்றிலும் இதன் குடும்பம்தான். நம் ரத்தக் குழாய்களின் உள்பக்கம் ஒரே ஒரு செல் கனத்துக்கு ஒரு படலம் இருக்கிறது. அந்த செல்கள் விடும் நைட்ரிக் ஆக்சைடுதான் குழாயைத் தளர வைக்கிறது (இதைக் கண்டுபிடித்ததற்குத்தான் 1998-ல் மருத்துவ நோபல்). புகை, சர்க்கரை, பிரஷர் எல்லாம் அந்த செல்களைப் பாடாய்ப் படுத்தும்போது இந்த நிறமிகள் கொஞ்சம் கைகொடுக்கலாம் என்கிறார்கள். 'லாம்' தான், சரியா? ஆய்வுக்கூடத்தில் செல்கள்மேல் ஊற்றிப் பார்க்கும் அளவு பெரும்பாலும் நம் ரத்தத்தில் ஏறுவதே இல்லை. சாப்பிட்டதில் பெரும்பகுதியைக் குடல் பாக்டீரியா உடைத்து வேறு பொருள்களாக்குகிறது, உண்மையில் வேலை பார்ப்பது அந்தப் பொருள்களாகவும் இருக்கலாம்.

சரி, சமையலுக்கு வருவோம். கவுனியை ரெண்டு தடவை சட்டென்று அலசுங்கள், தேய்க்க வேண்டாம். ஒரு டம்ளருக்கு மூன்றரை டம்ளர் தண்ணீர் அளந்து ஊற்றி எட்டு மணி நேரம் ஊறட்டும். நம் ஊர் சித்திரை வெயிலில் வெளியே வைத்தால் புளித்துவிடும், ஃப்ரிட்ஜில் வையுங்கள். அப்புறம் அதே தண்ணீரிலேயே ஆறேழு விசில்.

ஊதா கோஸை அரிந்தபின் தண்ணீரில் போட்டு வைக்காதீர்கள். கடாயில் சிட்டிகை சோடா போட்டால் நீலம் பூத்துப் பச்சையாகிவிடும், எலுமிச்சை நாலு சொட்டு விட்டால் ரோஸ் நிறமாக நிற்கும், ஏனென்றால் இந்த நிறமிக்குப் புளிப்புதான் பாதுகாப்பு. கத்திரிக்காயைத் தோலோடு புளிக்குழம்பில் போடுகிற வழக்கம் சும்மா வரவில்லைபோல. வெங்காயத்தை உரிக்கும்போது சருகை மட்டும் எடுங்கள், சத்து வெளி அடுக்குகளில்தான் அதிகம்.

தக்காளியின் கதை வேறு. அதன் சிவப்பு லைகோபீன், எண்ணெயில் நன்றாக வதங்கினால் உடம்பில் இன்னும் நன்றாகச் சேரும்.

பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் சிவந்தால் பயப்பட வேண்டாம், சிலருக்கு அப்படித்தான். சிறுநீரகக் கல் வந்தவர்கள் மட்டும் அளவாகச் சாப்பிடுங்கள். பிரஷர் மாத்திரையை எதற்காகவும் நிறுத்தாதீர்கள். கவுனியும் அரிசிதான், சுகர் இருப்பவர்கள் ரெண்டாவது கரண்டிக்கு முன் யோசியுங்கள்.

அக்கா இப்போதெல்லாம் தண்ணீரைக் கொட்டுவதில்லை. குக்கர் கேஸ்கெட் ஊதாவாகிவிட்டது என்று கோபம் மட்டும் என்மேல்.