பிஞ்சு உதிர்கிறதா? பசளை மூட்டையைக் கட்டி வையுங்கள்

திருகோணமலையில் இராட்சதப் பூசணி போட்டவர்களிடமிருந்து அதிகம் வரும் முறைப்பாடு இதுதான்: கொடி ஓடுகிறது, பூக்கிறது, பிஞ்சு மட்டும் மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. உடனே ஒரு பிடி யூரியா விழும். யூரியாவிலுள்ள தழைச்சத்து (நைதரசன்) கூடினால் இலைதான் பெருகும், பிஞ்சு தங்காது.

உண்மையில் பிஞ்சு உதிர்வதற்குப் பெரும்பாலும் வெப்பமும் மகரந்தச் சேர்க்கைக் குறைவுமே காரணம். பெண்பூ விடியற்காலையில் விரிந்து, முற்பகலுக்குள் வாடிவிடும். அதற்கு அடுத்த நாள் கிடையாது. கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் வெயில் ஏறினால் மகரந்தமும் வீரியம் இழக்கும். ஆகவே முதல் நாள் மாலையே நுனி மஞ்சளித்த மொட்டுகளைப் பார்த்து வைத்துக்கொண்டு, விடிந்ததும் தோட்டத்துக்குப் போய்விடுங்கள். ஆண்பூவைப் பறித்து இதழ்களை உரித்தெறிந்து, மகரந்தமுள்ள நடுத்தண்டைப் பெண்பூவின் நடுவிலுள்ள சூலகமுடியின் எல்லா மடல்களிலும் படும்படி தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாகும் அல்லது விழுந்துவிடும். பிறகு ஒரு கிடுகைச் சாத்தி நிழல் கொடுங்கள். ஆரம்பத்தில் ஆண்பூ மட்டுமே வருவது நோயல்ல. அடியில் குட்டிக் காயோடு வரும் பெண்பூ பிறகுதான் வரும்.

காலம் பார்த்து விதைப்பது இதைவிட முக்கியம். டிசம்பர்த் தொடக்கத்தில் விதைத்தால், மாரி ஓய்ந்து இரவு இன்னும் குளிராக இருக்கும்போது பூக்கும். வைகாசியில் விதைத்துவிட்டுப் பிஞ்சைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

விதையிலும் ஏமாறக்கூடாது. 2025இல் இங்கிலாந்தில் 1,278 கிலோவைத் தாண்டி உலகச் சாதனை படைத்த பூசணி 'அட்லாண்டிக் ஜயண்ட்' என்ற இராட்சதப் பூசணி இனத்தின் வழிவந்தது. சந்தைப் பூசணியின் விதையிலிருந்து நல்ல கறிக்காய்தான் வரும்.

காய் பிடித்த பின் பலர் கவனிக்காதது காம்பு. கொடிக்கு ஒட்டினாற்போல் காய் பருத்தால், அது கொடியை நெம்பி ஒரு நாள் காம்பைக் கிழித்துவிடும். பிஞ்சாக இருக்கும்போதே, கொடி வெயிலில் துவண்டிருக்கும் பிற்பகலில், நாளுக்குக் கொஞ்சமாகத் திருப்பிக் காம்பு கொடிக்குச் செங்கோணமாக நிற்கச் செய்யுங்கள். காய்க்கு அருகே கணுவில் இறங்கிய வேர்களை வெட்டிவிட்டால் கொடி தாராளமாக எழும். அடியில் மணல் பரப்புங்கள்.

ஒரு கொடியில் ஒரு காய் போதும். மற்றவற்றைக் கிள்ள மனம் வராதவர்கள் எடையை மறந்துவிடலாம்.

நிலாவெளிப் பக்கத்து மணலில் இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாகப் பாய்ச்சினால் காய் வெடிக்கும். தினமும் அளவாக விடுங்கள். வெயில் பட்டுத் தோல் இறுகினாலும் வெடிக்கும் என்பதால் காயின் மேலும் நிழல் வேண்டும். பழ ஈ குத்தாமல் இருக்க, பிஞ்சைத் தோல் தடிக்கும்வரை மெல்லிய துணியால் தளர்வாகச் சுற்றி, வளர வளர அவிழ்த்துக் கட்டுங்கள்.