பழைய குவாலிஸில் மைலேஜ் கூட்டுவது எப்படி?

2000-ல் வந்து 2005-ல் நின்றுபோன டொயோட்டா குவாலிஸ் இன்றும் நம் சாலைகளில் ஓடுகிறது. 2.4 லிட்டர் டீசல் எஞ்சின், பெட்டி மாதிரி உடம்பு. புது கார் தரும் மைலேஜை இதில் எதிர்பார்க்க முடியாது. ஆனால் இத்தனை வருஷத்தில் அதன்மேல் மாட்டியதைக் கழற்றி, தேய்ந்ததைச் சரிசெய்தாலே வித்தியாசம் தெரியும். சுமோ, டவேரா வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

படி 1: முதலில் அளவெடுங்கள்

டேங்கை ஃபுல் செய்து கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். நன்றாக ஓட்டிய பிறகு அதே பங்க்கில் மறுபடி ஃபுல் செய்யுங்கள். 462 கி.மீ. ஓடி 42 லிட்டர் பிடித்தால் மைலேஜ் லிட்டருக்கு 11 கி.மீ. கம்பெனி அளவைவிடப் பெரிய டயர் போட்டிருந்தால் மீட்டர் குறைவாகக் காட்டும். போன் ஜிபிஎஸ் வைத்து ஒருமுறை சரிபாருங்கள்.

படி 2: கழற்ற வேண்டியதைக் கழற்றுங்கள்

மேலே இருக்கும் கேரியர்தான் முதல் எதிரி. காலியாக இருந்தாலும் காற்றை இழுத்துப் பிடிக்கும். ஊருக்குப் போகும்போது மட்டும் மாட்டினால் போதும். முன்னால் இருக்கும் இரும்பு பம்பர் கார்டையும் எடுத்துவிடுங்கள். அது வீண் எடை, நடந்து போகிறவர்களுக்கும் ஆபத்து. 2017 டிசம்பரில் மத்திய அரசே தடுத்துவிட்டது.

காற்றின் எதிர்ப்பைக் குறைக்க, வெளிநாட்டு வீடியோக்களில் முன் கிரில்லை அட்டை வைத்து மூடுவார்கள். நம் வெயிலில், ஏசி போட்டு ஓட்டும் வண்டியில் அது வேண்டவே வேண்டாம்.

படி 3: டயரும் பிரேக்கும்

காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது, கம்பெனி சொன்ன அளவுக்குப் பாருங்கள். அழகுக்காக அகல டயர் மாட்டியிருந்தால், அடுத்தமுறை மாற்றும்போது பழைய அளவுக்கே திரும்புங்கள்.

அப்புறம், சமதளத்தில் மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிடுங்கள். முன் சக்கரத்தில் லேசான உரசல் சத்தம் இருந்தால் பரவாயில்லை. முன் சக்கரத்தைச் சுற்றவே மல்லுக்கட்ட வேண்டியிருந்தால், பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் பிஸ்டன் பிடித்திருக்கிறது. பிரேக் பிடித்துக்கொண்டே ஓடும் வண்டிக்கு வேறு என்ன செய்தாலும் பலனில்லை.

படி 4: தெர்மோஸ்டாட் இருக்கிறதா?

எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். பழைய டீசல் வண்டிகளில் பலரும் கவனிக்காத இடம் இது. வண்டி சூடாகிறது என்று கொண்டுபோனால், தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிட்டு அனுப்பும் வழக்கம் நம் ஊரில் உண்டு. அதன்பின் எஞ்சின் தேவையான சூட்டுக்கு வரவே நேரமாகும். குளிர்ந்த எஞ்சின் டீசலை அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும்.

காலையில் ஸ்டார்ட் செய்து, ஃபேனில் படாமல், ரேடியேட்டரின் மேல் ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தால் ஹோஸ் வெகுநேரம் ஜில்லென்று இருந்து, பிறகு சட்டென்று சூடாகும். ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் அது இல்லை, அல்லது திறந்தே நின்றுவிட்டது. புதிது வாங்கினால் மாட்டும் முன் வெந்நீரில் போட்டுப் பாருங்கள். அதில் பொறித்திருக்கும் சூட்டை எட்டும்போது வால்வு திறக்க வேண்டும். சூடாவதற்கான உண்மையான காரணம் பெரும்பாலும் அடைத்த ரேடியேட்டராக இருக்கும், அதையும் சேர்த்துச் சுத்தம் செய்யுங்கள்.

படி 5: காற்றும் டீசலும்

ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் கரும்புகை வருகிறதா? சரியாக எரியாத டீசல் அது, உங்கள் காசு. முதலில் ஏர் ஃபில்டரை மாற்றுங்கள். புகை போகவில்லையென்றால், எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலைக் கழற்றி டீசல் பம்ப் கடையில் பிரஷரும் ஸ்ப்ரேயும் பார்க்கச் சொல்லுங்கள். டீசல் பைப்பில் மாட்டும் காந்தம், டேங்கில் போடும் மாத்திரை எதையும் வாங்காதீர்கள்.

படி 6: ஓட்டும் விதம்

80-லிருந்து 100-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. இந்தப் பெட்டி உடம்புக்கு ஐந்தாவது கியரில் 70, 80 போதும். இறக்கத்தில் எஞ்சினை அணைக்காதீர்கள், பிரேக் கனத்துவிடும். கியரிலேயே விட்டுக் காலை எடுத்தால் பம்ப் தானாகவே டீசலை நிறுத்திவிடும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். ஒன்றைச் செய்து, இரண்டு டேங்க் ஓட்டி அளந்த பிறகு அடுத்ததற்குப் போங்கள். ஏசி போட்டு ஓட்டிய மாதத்தை, போடாத மாதத்தோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.