பதிலி அளவை நம்பும் முன் போட வேண்டிய கணக்கு

மருத்துவ மேற்படிப்பு மாணவர்களின் ஆய்வுகளுக்குப் புள்ளியியல் பார்த்துக் கொடுப்பது என் வேலை. "சார், மூன்று மாதத்தில் எச்பிஏ1சி குறைந்தால் இதயத்துக்கு நல்லது என்று எழுதலாம்தானே?" என்று போன வாரம் ஒரு மாணவி கேட்டார். எச்பிஏ1சி என்பது கடந்த சில மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் சோதனை. இதய நோய், இறப்பு போன்ற உண்மை முடிவுக்குப் பதிலாக அளக்கும் இப்படிப்பட்ட அளவைத்தான் பதிலி என்கிறோம். நான் தாளில் 63, 26 என்று இரண்டு எண்களை எழுதினேன்.

மாரடைப்புக்குப் பின் துடிப்பு தாறுமாறாக உள்ளவர்கள் அதிகம் இறக்கிறார்கள். அதனால் துடிப்பை அடக்கினால் உயிர் பிழைப்பார்கள் என்று நம்பினார்கள். துடிப்பை அடக்கும் மருந்துகளான என்கைனைடு, பிளெகைனைடு ஆகியவற்றைச் சோதித்த காஸ்ட் ஆய்வில், மருந்துக்குத் துடிப்பு அடங்கியவர்களைத்தான் குலுக்கலில் (யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்று பிரிப்பதில்) சேர்த்தார்கள். 1991-இல் வந்த முடிவு: மருந்து எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்தார்கள், பிளசிபோ என்ற வெற்று மாத்திரை எடுத்த 743 பேரில் 26 பேர்.

ஆகவே நோயாளிகளிடையே பதிலிக்கும் உண்மை முடிவுக்கும் தொடர்பு இருப்பது போதாது. பதிலியில் மருந்து செய்த மாற்றம், உண்மை முடிவில் செய்த மாற்றத்தைச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அதற்கு, அதே மருந்து வகையில் இரண்டையும் அளந்த குலுக்கல் ஆய்வுகளைத் திரட்டுங்கள். ஒவ்வொரு ஆய்வும் வரைபடத்தில் ஒரு புள்ளி. கிடை அச்சில் பதிலியில் கிடைத்த வித்தியாசம், செங்குத்து அச்சில் இறப்புக்கான ஹசார்டு விகிதத்தின் (இரு குழுக்களின் இறப்பு வேகத்தை ஒப்பிடும் எண்; 1 என்றால் பலன் இல்லை) மடக்கை. பெரிய ஆய்வுக்கு அதிக எடை கொடுத்துக் கோடு போடுங்கள். கிடை அச்சிலும் பிழை உண்டு. அதை விட்டுவிட்டால் கோடு தட்டையாகிவிடும். புள்ளியியலாளர்கள் பைஸும் மோலன்பெர்க்ஸும் மற்றவர்களும் 2000-இல் தந்த முறை இதையும் கணக்கில் எடுக்கிறது. ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் அதற்கென்றே 'சரோகேட்' என்ற தொகுப்பு இருக்கிறது.

அப்புறம்தான் பலரும் சறுக்கும் இடம். ஆர்-ஸ்கொயர் (புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு ஒட்டுகின்றன என்ற அளவு, உச்சம் 1) 0.8 வந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். கோட்டைச் சுற்றி 95% கணிப்பு இடைவெளி (அடுத்த புதிய ஆய்வின் முடிவு விழக்கூடிய எல்லை) வரையுங்கள். கோட்டின் நம்பக இடைவெளியை (சராசரிக் கோடு இருக்கக்கூடிய எல்லையை) வரையாதீர்கள். அது குறுகலாகத் தெரிந்து ஏமாற்றும். கணிப்பு இடைவெளி எங்கே 'பலன் இல்லை' என்ற கோட்டை விட்டு முழுதும் விலகுகிறதோ, பதிலியில் குறைந்தது அவ்வளவு மாற்றம் தேவை. நடைமுறையில் சாத்தியமே இல்லாத அளவுக்கு அது பெரிதாக வந்தால், அந்தப் பதிலியை விட்டுவிடுங்கள்.

ஒரே ஆய்வுதான் கையில் இருக்கிறதா? புள்ளியியலாளர் பிரெண்டிஸ் 1989-இல் சொன்ன நிபந்தனைகளைப் பார்க்கலாம். பதிலியைக் கணக்கில் எடுத்தபின் மருந்தின் தனிப் பலன் எதுவும் மிஞ்சக் கூடாது என்பது அவற்றில் முக்கியமானது. ஆனால் சிறிய ஆய்வில் அந்த மிச்சப் பலனின் பி-மதிப்பு 0.05-ஐத் தாண்டியது என்பது, பலன் எதுவும் மிஞ்சவில்லை என்பதற்கு நிரூபணம் ஆகாது.

அந்த மாணவியின் தலைப்பிலிருந்து 'இதய' என்ற சொல்லை எடுத்தோம். 'சர்க்கரைக் கட்டுப்பாடு' என்று எழுதிக்கொண்டார். அவருடைய மூன்று மாதத் தரவு அதை மட்டும்தான் தாங்கும்.