தளையைப் புரியவைப்பது எப்படி?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டு மாடியில் பதினோரு வருஷமாக டியூஷன் எடுக்கிறேன். வருஷம் தவறாமல் யாராவது ஒரு பிள்ளை ‘அடிமைத்தளை’யை ‘அடிமைத்தழை’ என்று எழுதிவிடும். இந்த வருஷம் ஒரு பையன் ‘அடிமைத்தலை’ என்றே எழுதினான். கேட்டதற்கு, “அடிமைன்னா தலையக் குனிஞ்சுதானே மிஸ் நிப்பான்?” என்றான். நியாயம்தான். ஆனாலும் மார்க் போடவில்லை.

தளை என்றால் விலங்கு என்று அகராதியைப் பார்த்து ஆரம்பிக்காதீர்கள். விலங்கு என்றதும் பிள்ளைகளுக்குச் சிங்கம், புலி வந்துவிடும். ஒரு பழைய துப்பட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் இரண்டு கணுக்காலையும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டுங்கள். நடக்கச் சொல்லுங்கள், வாத்து மாதிரி நடக்கும். ஓடச் சொல்லுங்கள், முடியாது. கட்டாயம் சுவர் ஓரமாக நிறுத்தியே செய்யுங்கள். போன வருஷம் ஒருத்தி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். அவள் அம்மாவிடம் நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மேயவிடும் கழுதைக்கு முன்னங்கால்களில் கட்டுவதும் இதுதான். மேயலாம், ஓடிப்போக முடியாது. முளைக்குச்சியில் கட்டிப்போடுவது வேறு. இந்த வித்தியாசம் மண்டையில் ஏறிவிட்டால் மீதி சுலபம்.

இப்போது அடிமைத்தளைக்கு வாருங்கள். 1976இல் வந்த கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் சங்கிலியைத் தேடுவதில்லை. வாங்கிய முன்பணத்துக்காக ஒருவர் வேறு வேலைக்குப் போக முடியாமலோ, நினைத்த இடத்துக்குக் கிளம்ப முடியாமலோ இருந்தாலே அது கொத்தடிமைதான். செங்கல் சூளையில் சமைக்கலாம், தூங்கலாம், முதலாளி விட்டால் சந்தைக்கும் போய்வரலாம். ஊருக்குத்தான் போக முடியாது. “துப்பட்டா எங்கே இருக்கு?” என்று கேளுங்கள். “அட்வான்ஸ்ல மிஸ்” என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லிவிடும். பெரிய பிள்ளைகள் என்றால் புதுச்சேரியையும் சேர்த்துக்கொள்ளலாம். 1848இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்த பிறகு, ரீயூனியன், மார்த்தினிக் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரியிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினார்கள். அங்கே துப்பட்டா ஒப்பந்தக் காகிதம்.

அப்புறம் மரமேறி. புதுச்சேரியில் கள் இறக்க அனுமதி உண்டு என்பதால், பாகூர்ப் பக்கம் போனால் நேரிலேயே காட்டலாம். இரண்டு காலையும் சேர்த்து ஒரு நார் வளையம் மாட்டிக்கொண்டு ஏறுவார்கள். அதுவும் தளைதான். கழுதையை ஓடவிடாத அதே கட்டு, இங்கே மனிதரைப் பனை உச்சிக்குக் கொண்டுபோகிறது. எனக்கு இந்தச் சொல்லில் பிடித்த இடமே இதுதான். இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மொட்டு விரிவதைத் ‘தளை அவிழ்ந்தது’ என்பார்கள். ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம்.

யாப்பில், அதாவது செய்யுள் இலக்கணத்தில், வரும் தளையைக் கடைசியில் வையுங்கள். சீர் என்பது பாட்டின் அடியில் வரும் சொல் துண்டு. ஒரு சீரின் காலையும் அடுத்த சீரின் காலையும் சேர்த்துக் கட்டுவது அது. வெண்பாவில் ‘மாடு’ போன்ற மாச்சீருக்குப் பின் நிரை, அதாவது ‘கயி’ போன்ற அசை, வரவேண்டும். ‘மாடு கயிறு’ சரி. ‘மாடு மேயும்’ என்றால் ‘மே’ நிரை இல்லை, தளை தட்டும், அதாவது கட்டு பிசகும். ஏழு வகைத் தளையையும் அன்றைக்கே ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். சீர் பிரிக்க வந்தால் போதும்.

முடிக்கும்போது ஒரு டிக்டேஷன்: ‘தலையில் தழை சுமந்து வந்தவள் கழுதையின் தளையை அவிழ்த்தாள்.’ மூன்று முறை நிதானமாக, ளகரத்துக்கு நாக்கை நன்றாக மடித்துச் சொல்லுங்கள். என் மாடியில் பத்தில் ஏழு பேர் சரியாக எழுதுகிறார்கள். அடிமைத்தலைக்காரன் இப்போது ‘தழையில் தலை’ என்று எழுதியிருக்கிறான். தளை மட்டும் சரி.