40 நிமிடத்தில் பெக்கி ஆஷ்கிராஃப்ட்: கல்யாண மண்டப மேடையில் ஓராள் நாடகம் போடுவது எப்படி

இங்கிலாந்து நடிகை ஒருவரின் கதையைக் கோபியிலோ பல்லடத்திலோ ஒரு கல்யாண மண்டபத்தில் நாடகமாகப் போடுவதென்றால், பெக்கி ஆஷ்கிராஃப்டைத் தேர்ந்தெடுக்க நமக்கென்று ஒரு காரணம் இருக்கிறது: மேட்டுப்பாளையம். 1984-இல் வந்த 'எ பேசேஜ் டு இந்தியா' படத்தின் ரயில் காட்சிகளுக்கு நீலகிரி மலை ரயில் பாதைதான் பயன்பட்டது. அந்தப் படத்தில் இந்தியாவுக்கு வரும் மிசஸ் மூர் என்ற வயதான இங்கிலாந்துப் பெண்ணாக நடித்ததற்குத்தான் 77 வயதில் அவருக்கு ஆஸ்கர் வந்தது. நம் ஜனங்கள் பார்த்துப் பழகிய தண்டவாளத்திலிருந்து கதையை எடுத்தால், "யாரு இந்த வெள்ளைக்காரம்மா?" என்ற கேள்வி இரண்டாவது நிமிடத்திலேயே தீர்ந்துவிடும்.

ஆள் கணக்கு: நடிக்க ஒருவர், உடுக்கை அடிக்க ஒருவர், விளக்கும் ஒலியும் பார்க்க ஒருவர். கல்லூரி நாடகக் குழுவுக்கு இதுவே போதும்.

எதை எடுப்பது, எதை விடுவது

1907 டிசம்பர் 22-இல் கிராய்டனில் பிறப்பு, 1991 ஜூன் 14-இல் மறைவு. நடுவில் 60 ஆண்டுக்கு மேல் நடிப்பு. இதைப் பிறப்பிலிருந்து வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தால், முதல் மேடை (1926, பர்மிங்ஹாம்), மூன்று கல்யாணம், டேம் என்ற பிரிட்டிஷ் கௌரவப் பட்டம் (1956) என்று பத்தாவது நிமிடத்தில் பின்வரிசை எழுந்து வண்டி எடுக்கப் போய்விடும். நான்கு வேடங்களை மட்டும் எடுங்கள்:

மேட்டுப்பாளையம் தொடக்கம் 4 நிமிடம். டெஸ்டிமோனா (1930, வயது 22) 8 நிமிடம். ஜூலியட் (1935, வயது 27) 3 நிமிடம். ராணி மார்கரெட் (1963, வயது 55) 12 நிமிடம். மிசஸ் மூர் 10 நிமிடம். முடிவு 3 நிமிடம்.

ஜூலியட்டுக்கு ஏன் இவ்வளவு குறைச்சல்? அந்தத் தயாரிப்பின் சுவாரசியம் ஆண்கள் பக்கம்தான். லாரன்ஸ் ஒலிவியேவும் ஜான் கீல்குட்டும் ரோமியோ, மெர்குஷியோ வேடங்களை நடுவில் மாற்றிக்கொண்டார்கள். ஓராள் நாடகத்தில் அதைக் காட்ட வழியில்லை, சொல்லிவிட்டு நகருங்கள்.

பிரதி நீளம் 3,000 சொல்லைத் தாண்டக் கூடாது. நடை, நிறுத்தம், சால்வை மாற்றுவது எல்லாம் சேர்த்தால் நிமிடத்துக்கு 75 சொல்தான் ஓடும். வீட்டில் உட்கார்ந்து படித்துப் பார்த்தால் 25 நிமிடத்தில் முடிந்துவிடும். பயந்து இன்னும் இரண்டு பக்கம் எழுதிச் சேர்ப்பதுதான் பெரும்பாலான குழுக்கள் செய்கிற முதல் தப்பு.

யார் எந்தத் தமிழ் பேசுவது

கதைசொல்லி மேட்டுப்பாளையம் பிளாட்பாரத்தில் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா. அவள் கொங்குத் தமிழ் பேசட்டும். முதல் வரி இப்படி இருக்கலாம்:

"ஏனுங் அம்மிணி, ரயிலு வர இன்னும் நேரமிருக்குதுங்க. செத்த உக்காருங்க. அதுக்குள்ள ஒரு சங்கதி சொல்லிப்போடறேன்."

ஆஷ்கிராஃப்டாகப் பேசும்போது வட்டார வாடை இல்லாத எளிய தமிழ். பழைய சினிமாவில் வெள்ளைக்காரத் துரை பேசுகிற கொச்சைத் தமிழ் அறவே வேண்டாம். முதல் முறை சிரிப்பார்கள், அதற்கப்புறம் மார்கரெட் அழுதாலும் சிரிப்பார்கள். வேடத்துக்குள் போனபின் (டெஸ்டிமோனா, மார்கரெட்) இன்னும் ஒரு படி இறுக்கமான தமிழ். மூன்று தமிழும் வேறுவேறாகக் கேட்டால்தான் ஒரே ஆள் மூவராவது புரியும்.

கதைசொல்லியை "நான் அன்னிக்கு ஷூட்டிங்கைப் பார்த்தேன்" என்று சொல்லவிடாதீர்கள். உண்மையான ஆள் மீது நம் கற்பனையை ஏற்றுகிற வேலை அது.

டெஸ்டிமோனா

ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' நாடகத்தில் கறுப்பினத் தளபதி ஒத்தெல்லோவின் வெள்ளைக்கார மனைவிதான் டெஸ்டிமோனா. லண்டன் சவாய் தியேட்டரில் ஒத்தெல்லோவாக நடித்தவர் பால் ராப்சன் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பாடகர். இதே வேடத்தை அவர் நியூயார்க்கின் பிராட்வேயில் நடிக்க 1943 வரை ஆயிற்று. இந்த ஒரு தகவலைப் பார்வையாளர் முன் வைத்துவிட்டால், 1930-இல் அந்த மேடையில் நின்றதன் கனம் தானாக விளங்கும். பிரசங்கம் தேவையில்லை.

ராப்சனுக்காக யாரையும் கரி பூசி நிறுத்த வேண்டாம். மேடையின் வலப்பக்கம் தரையில் ஒரு வட்ட வெளிச்சம், அதுதான் ஒத்தெல்லோ. டெஸ்டிமோனா படுக்கப் போகுமுன் பாடும் வில்லோ பாட்டை மட்டும் எடுங்கள், அங்கே ஒத்தெல்லோவே தேவைப்படாது. ஒப்பாரி மெட்டு இயல்பாகப் பொருந்தும். வில்லோவை நொச்சியாகவோ புங்கனாகவோ மாற்றத் தேவையில்லை, 'ஓடைக்கரை மரம்' என்றாலே போதும்.

மார்கரெட்: நாடகத்தின் முதுகெலும்பு

ஷேக்ஸ்பியரின் ஆறாம் ஹென்றி நாடகங்களையும் மூன்றாம் ரிச்சர்டையும் சேர்த்து, 'வார்ஸ் ஆஃப் த ரோசஸ்' என்ற பெயரில் பீட்டர் ஹாலும் ஜான் பார்ட்டனும் 1963-இல் ஸ்ட்ராட்போர்டில் மேடையேற்றினார்கள். 55 வயது ஆஷ்கிராஃப்ட் அதில் புதுப்பெண்ணாக வந்து, போர்க்களத்து ராணியாகி, கடைசியில் சாபம் விடுகிற கிழவியாக நின்றார். உங்கள் நடிகைக்கு 20 வயதுதான் இருக்கும். 12 நிமிடத்தில் அவள் அதே தூரத்தைக் கடக்க வேண்டும், மேக்கப் மாற்ற நேரமே கிடையாது. ஆகவே வயது காலிலும் மூச்சிலும்தான் ஏற வேண்டும்.

24 அடி மேடையை இடமிருந்து வலம் கடக்க மூன்று நடை பழகுங்கள். பெண்: 7 நொடி, குதிகால் தரையில் பட்டும் படாமல். ராணி: 10 நொடி, குதிகால் முதலில் ஊன்றும். கிழவி: 18 நொடி, பாதம் முழுக்க ஒரே நேரத்தில் பதியும். திரும்புவதும் மாற வேண்டும். இளையவள் முதலில் கண்ணைத் திருப்புவாள், அப்புறம் தலை, அப்புறம் உடம்பு. கிழவிக்குத் தலையும் தோளும் ஒன்றாகத்தான் திரும்பும். ஒரு தேங்காய்ப்பூத் துண்டைக் கழுத்தைச் சுற்றி இறுக்கமில்லாமல் போட்டு ஒரு வாரம் பழகினால் இது உடம்பில் ஒட்டிக்கொள்ளும்.

குரலை நடுங்கவிடாதீர்கள். நடுங்கும் கிழவிக் குரல் பள்ளி ஆண்டுவிழாவோடு முடிய வேண்டிய சமாசாரம். பதிலாக மூச்சைக் குறையுங்கள்: புதுப்பெண் ஒரு மூச்சில் 12 சொல் பேசினால், கிழவி 5 சொல்லில் நிறுத்தி மூச்சு வாங்கட்டும். ஓசை குறையக் கூடாது, நீளம்தான் குறைய வேண்டும். தலையில் பவுடர் கொட்டி நரை காட்டுவதும் வேண்டாம், சட்டென்று திரும்பும்போது விளக்கு வெளிச்சத்தில் புகை மாதிரி பறக்கும்.

காட்சியின் உச்சம் இது: பிடிபட்ட எதிரி யார்க் பிரபுவிடம், கொல்லப்பட்ட அவன் மகனின் ரத்தம் தோய்ந்த கைக்குட்டையைக் கொடுத்துக் கண்ணீர் துடைக்கச் சொல்கிறாள் மார்கரெட். பிறகு அவன் தலையில் காகிதக் கிரீடம் வைக்கிறாள். யார்க்குக்கு ஆள் வேண்டாம், ஒரு மர முக்காலி போதும். கிரீடம் 60 செ.மீ. நீளம், 12 செ.மீ. உயரம் உள்ள சார்ட் பேப்பர் பட்டை. முனைகளை 3 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒட்டினால் 57 செ.மீ. சுற்றளவு வரும். முக்காலியின் விட்டம் 18 செ.மீ.க்கு மேல் இருந்தால் கிரீடம் கவிழாமல் உட்காராது, பட்டையைக் கூட்டிக்கொள்ளுங்கள். கைக்குட்டை 40 செ.மீ. சதுர வெள்ளை வேட்டித்துணி. ரத்தத்துக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் பார்க்கிறவர்களுக்கு ஆரத்தித் தட்டுதான் ஞாபகம் வரும், அதுவும் கல்யாண மண்டபத்தில்! சிவப்புத் துணிச்சாயத்தில் சொட்டு டிகாஷன் கலந்து, இரண்டு நாள் முன்பே தோய்த்துக் காயவைத்துவிடுங்கள். ஈரமாக இருந்தால் அடுத்த காட்சியின் வெள்ளைச் சால்வையில் கறை ஏறும்.

இங்கே உடுக்கை வேலை செய்யும். பொன்னர்-சங்கர் வீரக்கதையான அண்ணன்மார் கதை கேட்டு வளர்ந்த காதுக்குப் போரும் பிணமும் உடுக்கையோடுதான் வரும். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்தக் கதையில் வீரர்கள் மாயும் படுகளத் தாளத்தை அப்படியே அடிக்க வேண்டாம். முன்வரிசையில் யாருக்காவது அருள் வந்துவிட்டால் நாடகத்தை அங்கேயே நிறுத்த வேண்டியதுதான். தனித்தனி அடிகள், இடையில் நான்கு எண்ணும் அளவு இடைவெளி, அவ்வளவே.

மிசஸ் மூரும் மண்டபத்து எதிரொலியும்

மலை ரயில் ஒலியில் நிறையப் பேர் சறுக்குவார்கள். கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரப் பாதை. அங்கே இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும், முன்னாலிருந்து இழுக்காது. அதனால் ஸ்பீக்கர் ஒன்றைப் பார்வையாளர்களுக்குப் பின்னால் வையுங்கள், அவர்களே பெட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஒலி பதியப் போனால் கல்லாறு பக்கம் போங்கள். குன்னூருக்கு மேலே டீசல் இன்ஜின், அந்தச் சத்தம் இந்தக் காட்சிக்கு ஒட்டாது.

கதையில் மிசஸ் மூர் மலைக்குகை ஒன்றைப் பார்க்கப் போகிறார். அந்தக் குகைக்குள் எந்தச் சொல்லும் ஒரே முழக்கமாகத் திரும்பி வருவதுதான் மிசஸ் மூரை உடைக்கிறது. இதற்கு எக்கோ மெஷின் தேடாதீர்கள். டைல்ஸ் தரையும் வெறும் சுவருமாக இருக்கும் மண்டபமே குகை. அந்த ஒரு நிமிடம் மட்டும் மைக்கை அணைத்துவிட்டு, பின்சுவரைப் பார்த்து அடிவயிற்றிலிருந்து பேசினால் தானே திரும்பும். ஆனால் காலி மண்டபத்தில் ஒத்திகை பார்த்து ஏமாறாதீர்கள். 300 பேர் பட்டும் பருத்தியுமாக உட்கார்ந்தபின் எதிரொலி பாதிகூட இருக்காது. பக்கவாட்டுத் திரைகளைக் கட்டி ஒதுக்கி, கடைசி 10 அடியில் நாற்காலி போடாமல் விடுங்கள்.

திரை, உடை, மைக்

மண்டப மேடையில் முந்தின முகூர்த்தத்தின் பெயர்ப் பலகையும் சீரியல் விளக்கும் இருக்கும். மேனேஜரிடம் முதல் நாளே கேட்டு அணைக்க ஏற்பாடு செய்யுங்கள். 24 அடி அகலம், 12 அடி உயரத்துக்கு 58 அங்குலப் பன்னாவில் (துணியின் அகலம்) 5 துண்டு, துண்டுக்கு 4 மீட்டர், ஆக 20 மீட்டர் கறுப்புத் துணி. மடிப்பு வேண்டுமென்றால் இன்னொரு துண்டு. ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் பருத்தியாகப் பார்த்து வாங்குங்கள். பாலியெஸ்டர் மலிவுதான், ஆனால் விளக்கு பட்டால் மினுங்கும்.

உடை: கணுக்கால் வரை சாம்பல் நிறக் கவுன் ஒன்று, அதன்மேல் போட்டுக்கொள்வதே எல்லாம். டெஸ்டிமோனாவுக்கு வெள்ளைத் துப்பட்டா, மார்கரெட்டுக்குச் சிவப்புப் போர்வை, மிசஸ் மூருக்கு வெள்ளைச் சால்வையும் அகலத் தொப்பியும். வெல்க்ரோ வைத்தால் காலர் மைக்கில் துணி கிழிகிற சத்தம் கேட்கும், கொக்கி வையுங்கள். மைக்கை நெஞ்சில் குத்தினால் சால்வை உரசும். காதோரம் மாட்டும் வகை நல்லது.

பிரதியில் அடிக்கடி வரும் பிழைகள்

படம் 1984, ஆஸ்கர் விழா 1985. ஆஸ்கர் துணை நடிகைக்கான பிரிவில் வந்தது, அதே வேடத்துக்குப் பிரிட்டனின் பாஃப்டா சிறந்த நடிகை விருதைக் கொடுத்தது. இரண்டையும் குழப்பாதீர்கள். 'த ஜுவல் இன் த கிரவுன்' அதே 1984-இல் வந்த 14 பகுதித் தொலைக்காட்சித் தொடர். அதில் அவர் பார்பி என்ற மிஷனரி ஆசிரியை, மிசஸ் மூர் அல்ல.

உரிமைச் சிக்கல்: ஷேக்ஸ்பியரை நீங்களே மொழிபெயர்த்தால் தொல்லையில்லை, வேறொருவரின் தமிழாக்கம் என்றால் அனுமதி வேண்டும். 'எ பேசேஜ் டு இந்தியா' நாவலாசிரியர் ஃபார்ஸ்டர் 1970-இல் இறந்தார். இந்தியச் சட்டப்படி 60 ஆண்டு கணக்கில் 2030 முடியும்வரை உரிமை உண்டு. ஆகவே குகைக் காட்சியில் நாவலின் வசனத்தையோ படத்தின் துண்டையோ எடுக்காமல், நடந்ததைக் கதைசொல்லி தன் வாயால் சொல்லட்டும்.

முடிவு

ஆஸ்கர் மேடைக்கு ஆஷ்கிராஃப்ட் போகவில்லை. அவர் சார்பில் ஏஞ்சலா லேன்ஸ்பரி வாங்கிக்கொண்டார். அதனால் கைதட்டல் ஒலியை ஓடவிட்டு நடிகையைச் சிலையோடு நிறுத்தினால் தப்பாகிவிடும். யார்க் பிரபுவாக இருந்த முக்காலியை நடுவில் கொண்டுவாருங்கள். கிரீடத்தை எடுத்துவிட்டு மிசஸ் மூரின் தொப்பியை அதன்மேல் வைத்து, நடிகை கதைசொல்லியின் நடையில் இடப்பக்கம் வெளியேறட்டும். பின் ஸ்பீக்கரில் ரயில் கிளம்பும். முக்காலி மீது மட்டும் வெளிச்சம், ஆறு எண்ணி அணையுங்கள். மண்டப டியூப் லைட்டுக்குப் பொறுப்பாக ஒருவரை ஸ்விட்ச் பக்கத்திலேயே நிறுத்தி வையுங்கள், இல்லையென்றால் மூன்று எண்ணுவதற்குள் யாராவது போட்டுவிடுவார்கள்.