‘சீல்டு’ கியர் பாக்ஸ் என்று விட்டுவிடாதீர்கள்: பிக்கப் ஆட்டோமேட்டிக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அபுதாபி முசாஃபாவில் எங்கள் கராஜுக்கு ஊரிலிருந்து வரும் பையன்கள் கை வேலையில் கெட்டிக்காரர்கள். பிரேக், சஸ்பென்ஷன், எஞ்சின் எதைக் கொடுத்தாலும் சுத்தமாக முடிப்பார்கள். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் என்று வந்துவிட்டால், எங்கள் செட்டு ஆட்கள் அந்தக் காலத்தில் தடுக்கி விழுந்த அதே இடங்களில் இவர்களும் விழுகிறார்கள். சொந்தமாகப் பிக்கப் வாங்கி, தானே கவனித்துக்கொள்ள நினைக்கும் நண்பர்களும் அப்படித்தான். ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டைச் சரியாக இறுக்காமல் விடுவது போன்றவற்றை ஒருமுறை பட்டால் யாரும் மறக்க மாட்டார்கள். அவை இங்கே வேண்டாம்.

“இது சீல்டு, ஆயிலே மாத்த வேண்டாம்” என்று நம்புவது

இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு இன்றும் எரிச்சல் வரும். இப்போது வரும் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில் கியர் ஆயில் பார்க்கும் குச்சி கிடையாது; அதைத்தான் ‘சீல்டு’ என்கிறார்கள். அளவை வேறு வழியில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். குச்சி இல்லை என்பதற்காக உள்ளே இருக்கும் ஆயில் கெடாமல் இருக்குமா?

டொயோட்டா அமெரிக்காவில் தரும் பராமரிப்பு அட்டவணையைப் பாருங்கள். டிரெய்லர் இழுத்தாலோ, பாரம் ஏற்றி ஓட்டினாலோ 60,000 மைலில், அதாவது சுமார் 96,000 கிலோமீட்டரில், ஆட்டோமேட்டிக் ஆயிலை மாற்றச் சொல்கிறது. ஃபோக்ஸ்வாகனின் முதல் தலைமுறை அமரோக் பிக்கப்பில் வந்த எட்டு கியர் பெட்டியைச் செய்த இசட்.எஃப் நிறுவனம், ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்தில் மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவனே மாற்று என்கிறான். வேண்டாம் என்று சொல்ல நாம் யார்?

ராமநாதபுரம் பக்கத்து அண்ணன் ஒருவர், லேபர் கேம்ப்களுக்குத் தண்ணீர் பாட்டில் போடுகிறவர். பழைய ஹைலக்ஸ் ஒன்றை வாங்கி, தினமும் முழு லோடில் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் வந்தார்.

“தம்பி, எழுபது எண்பதுல லேசா மிதிச்சுப் போறப்ப வண்டி உதறுது. வீல் பேலன்சிங் பண்ணியும் போகல.”

“கியர் பாக்ஸ் ஆயில் எப்ப மாத்துனீங்கண்ணே?”

“எஞ்சின் ஆயில் அஞ்சாயிரத்துக்கு ஒருதரம் தவறாம மாத்துறேன்.”

“அது இல்லண்ணே, கியர் பாக்ஸ்.”

“அது சீல்டாமே? வண்டி வாங்குனப்பவே கராஜ்ல சொல்லிட்டாங்க.”

கியர் பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் பேனைக் கழற்றினோம். உள்ளே இருக்கும் காந்தங்களில் சாம்பல் நிறப் பசை மெல்லிசாகப் படிந்திருப்பது சாதாரணம். இவர் வண்டியில் காந்தமே தெரியவில்லை. மேலே கறுப்புக் களிம்பு மேடு கட்டியிருந்தது. வெள்ளை டிஷ்யூவில் ஒரு சொட்டு ஆயில் விட்டேன். நல்ல ஆயில் என்றால் சீராகப் பரவும். இது நடுவில் கறுப்புத் துகளை அப்படியே தேக்கிவிட்டு, சுற்றிலும் தவிட்டு நிறத்தில் வளையம் போட்டது. கருகின வாடை வேறு. கிளட்ச் பிளேட்டின் லைனிங் தேய்ந்து ஆயிலில் கலந்தாகிவிட்டது.

“புது ஆயில் ஊத்துனா சரியாயிடாதா?” என்று கேட்டார். தேய்ந்த லைனிங்கை எந்த ஆயிலும் திரும்ப வளர்க்காது. எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரும், கிளட்ச்களும் மாற்ற வேண்டியதாயிற்று. கொஞ்சம் ஆயில், ஒரு ஃபில்டர், ஒரு கேஸ்கெட்டோடு எப்போதோ முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு அவர் ஊருக்கு அனுப்பச் சேர்த்த பணம் போனது. தவறான யோசனை சொன்னவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

ஆயிலைக் கொல்வது சூடு. ஒவ்வொரு 10 டிகிரி கூடுதல் சூட்டுக்கும் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் எல்லாரும் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. டார்க் கன்வெர்ட்டரில் எஞ்சின் பக்கத்துச் சக்கரம் ஆயிலைத் தள்ளித்தான் கியர் பக்கத்துச் சக்கரத்தைச் சுற்றுகிறது. இரண்டையும் நேரடியாகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச் பிடிக்கும்வரை அவற்றுக்கு இடையே உள்ள வழுக்கல் முழுக்க ஆயிலில் சூடாகத்தான் இறங்கும். நீண்ட ரோட்டில் சீராகப் போனால் லாக்-அப் பிடித்துக்கொள்ளும். லிவா மணலில் குறைந்த வேகத்தில், எஞ்சின் கத்த ஏறினால் லாக்-அப் பிடிக்கவே பிடிக்காது. ஆயிலைக் குளிர்விக்கும் கூலருக்குப் போதிய காற்றும் கிடைக்காது. லோடோடு சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிற வண்டிக்கும் ஏறக்குறைய இதே கதி. ஆகஸ்டில் ஏ.சி. ஓட மணிக்கணக்கில் நிறுத்தி வைத்திருப்பதை மீட்டர் கிலோமீட்டராகக் காட்டாது. மீட்டரில் 50,000 ஓடிய இரண்டு பிக்கப்களில் ஒன்றின் ஆயில் சிவப்பாகவும் இன்னொன்று கறுப்பாகவும் வருவது இதனால்தான்.

இந்த ஊர் வண்டிகளுக்கு நான் சொல்லும் கணக்கு இது. குடும்பம், ஆபீஸ், நெடுஞ்சாலை என்று போகிற வண்டிக்கு 80,000 கிலோமீட்டர். தினமும் பாரம் ஏற்றினால் 60,000. வாராவாரம் மணலில் இறங்கினாலோ படகு இழுத்தாலோ 40,000. உங்கள் வண்டிப் புத்தகம் இதற்கும் முன்னால் மாற்றச் சொன்னால் அதையே கேளுங்கள்.

மணலில் கியர் ஆயில் சூடு விளக்கு எரிந்தால் உடனே எஞ்சினை அணைக்காதீர்கள். ஆயில் பம்ப்பைச் சுற்றுவது எஞ்சின்தான். அணைத்தால் கூலருக்கு ஆயில் போகாது. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் ஓடவிடுங்கள்.

நிரப்பும் போல்ட்டுக்கு முன் ட்ரெயின் போல்ட்டைத் திறப்பது

பழைய ஆயிலை வடித்த பிறகு நிரப்பும் போல்ட் துருப்பிடித்து அசையாவிட்டால், புது ஆயில் ஊற்ற வழியில்லாமல் வண்டி அங்கேயே நிற்கும். முதலில் அதைத் தளர்த்துங்கள்.

சூட்டோடு அளவு பார்ப்பது

குச்சி இல்லாத பெட்டியில் கூடுதல் ஆயிலை வழியவிடும் ஓவர்ஃப்ளோ போல்ட் வழியாக அளவு வைக்க வேண்டும். வண்டி நேர்மட்டமாக நிற்க வேண்டும், எஞ்சின் ஓட வேண்டும், லீவரை எல்லா கியருக்கும் ஒரு சுற்று கொண்டுபோக வேண்டும், ஆயில் சூடு 40 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். சரியான எல்லை ஒவ்வொரு மாடலுக்கும் மாறும். புத்தகத்தைப் பார்த்து, ஸ்கேனரில் சூட்டைப் படித்துச் செய்யுங்கள்.

வளைகுடாவில் பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஜூலை மதியம் வெயிலில் நின்ற வண்டியின் ஆயில், ஸ்டார்ட் செய்யும் முன்பே 40-ஐத் தாண்டியிருக்கும். சூட்டில் ஆயில் விரிந்து, தேவைக்கு மேல் வெளியே கொட்டும். சொட்டுச் சொட்டாக வருகிறதே, அளவு சரி என்று போல்ட்டை மூடுவார்கள். பிறகு ஜெபல் ஹஃபீத் ஏற்றத்தில் பம்ப் காற்றை உறிஞ்சி, கியர் வழுக்கும். இந்த வேலைக்கு நான் விடியற்காலையைத்தான் வைத்துக்கொள்கிறேன்.

சிவப்பாக இருந்தால் எல்லாம் ஒரே ஆயில் என்று நினைப்பது

சிவப்பு வெறும் சாயம். டொயோட்டாவின் டபிள்யூ.எஸ், ஃபோர்டின் மெர்கான், ஜெனரல் மோட்டார்ஸின் (ஜி.எம்) டெக்ஸ்ரான் ஆகிய கியர் ஆயில்களின் வழவழப்பும் கிளட்ச்சைப் பிடிக்கும் தன்மையும் வேறு வேறு. ஆயில் எவ்வளவு தூரம் விளையாடும் என்பதற்கு, ஜி.எம்மின் எட்டு கியர் பெட்டியோடு 2015 முதல் 2019 வரை வந்த சில்வராடோக்களே சாட்சி. ஆயில் ஈரத்தை உறிஞ்சியதால், ரோட்டோர ரம்பிள் ஸ்ட்ரிப் மேல் ஓடுவதுபோல வண்டி உதறியது. பழைய ஆயிலை முழுதாக வெளியேற்றி, வேறு ஃபார்முலா ஆயில் நிரப்பும்படி ஜி.எம்மே தன் சர்வீஸ் சென்டர்களுக்கு அறிவுறுத்தியது.

ஒருமுறை வடித்ததும் முழுக்க மாற்றியாயிற்று என்று கணக்கு எழுதுவது

பேனிலிருந்து வருவது மூன்றில் ஒரு பங்கைச் சுற்றித்தான். மிச்சம் கன்வெர்ட்டரிலும் கூலர் குழாயிலும் நிற்கும். கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு, இன்னும் இரண்டு தடவை வடித்து ஊற்றுங்கள்.

பழைய கேஸ்கெட்டையே போடுவது

வேண்டாம்.

ரேடியேட்டரை மறப்பது

பல பிக்கப்களில் கியர் ஆயில் கூலர் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும். அங்கே விரிசல் விட்டால் கூலண்ட் கியர் பாக்ஸுக்குள் போகும். 2005 முதல் 2010 வரை வந்த நிசான் ஃப்ரன்டியர், எக்ஸ்டெரா, பாத்ஃபைண்டர் வண்டிகள் இதற்குப் பேர்போனவை. வடிக்கும்போது ரோஸ் மில்க் நிறத்தில் வந்தால் வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்யாமல் டோ பண்ணிக் கொண்டுபோங்கள். அந்த மாடல்கள் வைத்திருப்பவர்கள், ரேடியேட்டர் பழையதாக இருந்தால், கியர் ஆயிலுக்கு முன்னால் அதை மாற்றுங்கள்.